ஆண்கள் குண்டு எறிதல் (2022 ஆசிய விளையாட்டுப் போட்டிகள்)

2022 ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் ஆண்கள் குண்டு எறிதல் என்பது சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற 19 ஆவது ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இடம்பெற்ற தடகள நிகழ்வுகளுள் ஒன்றாகும். இது 2023 ஆம் ஆண்டு அக்டோபர் 1 ஆம் நாள் நடைபெற்றது. கொரோனா பெருந்தொற்றின் காரணமாகப் போட்டிகள் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டன. பெயரில் மட்டும் 2022 என்பது மாற்றப்படவில்லை. இந்தியாவின் தஜிந்தர்பால் சிங் தூர் தமது கடைசி எறிதலில் 20.36 மீட்டர் தொலைவை எட்டித் தங்கப் பதக்கம் வென்றார். சவூதி அரேபியாவின் முகமது தாவூத் தோலோ (20.18 மீட்டர்) வெள்ளிப் பதக்கத்தையும், சீனாவின் லியு யாங் (19.97 மீட்டர்) வெண்கலப் பதக்கத்தையும் பெற்றனர்.

விதிமுறைகள்

ஆண்கள் பிரிவில் பயன்படுத்தப்படும் இரும்பு அல்லது பித்தளைக் குண்டின் எடை 7.26 கிலோகிராம் ஆகும். இதன் விட்டம் 11 முதல் 13 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். பெண்களுக்கான குண்டு 4 கிலோகிராம் எடை கொண்டது. 20 வயதிற்குட்பட்ட ஆண்கள் 6 கிலோகிராம் குண்டையும், 18 வயதிற்குட்பட்டோர் 5 கிலோகிராம் குண்டையும் பயன்படுத்துகின்றனர்.

வீரர் 2.135 மீட்டர் விட்டமுள்ள வட்டத்திற்குள் நின்று எறிய வேண்டும். வட்டத்தின் முன்புறம் வளைந்த தடுப்புப் பலகை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதன் உட்பக்கத்தைக் காலால் தொடலாம். மேற்பகுதியைத் தொட்டால் அந்த எறிதல் தவறானதாக அறிவிக்கப்படும். குண்டு தரையைத் தொடுவதற்கு முன் வட்டத்தை விட்டு வெளியேறுவதும், பின்னர் வட்டத்தின் முன்பாதி வழியாக வெளியேறுவதும் தவறுகளே. குண்டைக் கழுத்தோடு ஒட்டிப் பிடித்து, ஒரு கையால் தோளிலிருந்து உந்தித் தள்ள வேண்டும். பந்து வீசுவது போலத் தோளுக்குப் பின்னே கொண்டு சென்று வீசக்கூடாது. "எறிதல்" என்று தமிழில் வழங்கினாலும், உண்மையில் இது தள்ளுதலே.

எட்டுப் பேருக்கு மேல் பங்கேற்கும்போது ஒவ்வொருவருக்கும் முதலில் மூன்று வாய்ப்புகள் தரப்படும். அவற்றுள் சிறந்த எறிதலைக் கொண்டு முதல் எட்டு இடங்களைப் பெறுவோர் மேலும் மூன்று முறை எறியலாம். ஆறு எறிதல்களின் கூட்டுத்தொகையோ சராசரியோ பார்க்கப்படுவதில்லை. மிக நீண்ட ஒரே எறிதல்தான் இடத்தைத் தீர்மானிக்கிறது. எனவே ஐந்து முறை தவறியவரும் ஆறாவது முறையில் வெற்றி பெற இயலும்.

பின்னணி

தஜிந்தர்பால் சிங் தூர் பஞ்சாப் மாநிலம் மோகா மாவட்டத்தைச் சேர்ந்த கோசா பாண்டோ என்னும் சிற்றூரில் 1994 ஆம் ஆண்டு வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் துடுப்பாட்டத்தில் ஆர்வம் கொண்டிருந்த இவரைக் குண்டு எறிதலுக்குத் திருப்பியவர் இவருடைய தந்தை ஆவார். 2017 இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் இவர் 19.77 மீட்டர் எறிந்தும், 3 சென்டிமீட்டர் வேறுபாட்டில் தங்கத்தை இழந்தார்.

அடுத்த ஆண்டு, 2018 ஆகத்து 25 அன்று, ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஐந்தாவது எறிதலில் 20.75 மீட்டர் தொலைவை எட்டித் தங்கம் வென்றார். இது அப்போட்டிகளின் புதிய சாதனையாகவும், ஓம் பிரகாஷ் கர்ஹானா 2012 இல் ஏற்படுத்திய 20.69 மீட்டர் என்னும் இந்தியச் சாதனையை முறியடித்ததாகவும் அமைந்தது. அவ்வேளையில் தந்தை புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். தூர் பதக்கத்துடன் நாடு திரும்பிய வேளையில், அதைக் காணாமலேயே அவர் காலமானார்.

2021 இல் பட்டியாலாவில் 21.49 மீட்டர் எறிந்து தூர் ஆசியச் சாதனையைத் தம் வசமாக்கினார். 2023 சூன் மாதம் புவனேசுவரத்தில் அதனை 21.77 மீட்டராக உயர்த்தினார். ஆனால் அடுத்த மாதம் பாங்காக்கில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 20.23 மீட்டர் எறிந்து தங்கம் வென்றபோதே இடுப்புக்கும் தொடைக்கும் இடைப்பட்ட பகுதியில் காயமுற்று, நொண்டியபடி களத்தை விட்டு வெளியேறினார். இதனால் அவ்வாண்டு புடாபெஸ்டில் நடந்த உலகப் போட்டியில் அவரால் கலந்துகொள்ள முடியவில்லை. ஆகவே ஆசியச் சாதனையாளர் என்ற நிலையில் ஹாங்சோவிற்குச் சென்றாலும், அவருடைய உடல்நிலை குறித்த ஐயம் நீங்கியிருக்கவில்லை.

போட்டி

தூர் எறிந்த முதல் இரு எறிதல்களும் தவறானவையாக அறிவிக்கப்பட்டன. மூன்றாவதும் தவறியிருந்தால் கணக்கில் கொள்ளத்தக்க எறிதல் ஒன்றுகூட இல்லாத நிலை ஏற்பட்டிருக்கும். இத்தகைய நேரத்தில் வீரர்கள் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்து, தொலைவைக் காட்டிலும் தவறின்மைக்கே முதன்மை தருவது வழக்கம். மூன்றாவது எறிதலில் அவர் 19.51 மீட்டரைப் பதிவு செய்தார். நான்காவதில் 20.06 மீட்டர் எட்டினார். ஐந்தாவது மீண்டும் தவறானது.

மறுபுறம் தோலோவின் சிறந்த எறிதல் 20.18 மீட்டராக இருந்தது. கடைசி வாய்ப்பிற்காகத் தூர் வட்டத்திற்குள் நுழைந்தபோது அவர் இரண்டாம் இடத்திலேயே இருந்தார். அந்த எறிதலில் குண்டு 20.36 மீட்டர் தொலைவில் விழுந்தது. இருவருக்கும் இடையிலான வேறுபாடு 18 சென்டிமீட்டர். அதாவது ஏறக்குறைய ஒன்றரைக் குண்டின் அகலம் மட்டுமே. ஆறு எறிதல்களில் மூன்று மட்டுமே செல்லத்தக்கனவாக இருந்தும் அவர் பட்டத்தைத் தக்கவைத்துக் கொண்டார்.

அவருடைய 21.77 மீட்டருடன் ஒப்பிடுகையில் இது 1.41 மீட்டர் குறைவு என்பதையும் குறிப்பிட வேண்டும். உலக அளவில் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிது. அமெரிக்காவின் ரயன் குரூசர் 2023 மே மாதம் லாஸ் ஏஞ்சலசில் ஏற்படுத்திய உலகச் சாதனை 23.56 மீட்டர் ஆகும்.

அதே நாளில் அவினாஷ் சாப்ளே 3000 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் (ஸ்டீபிள்சேஸ்) இந்தியாவுக்குத் தங்கம் வென்றார்.

இந்தியாவும் ஆசியக் குண்டு எறிதலும்

1951 இல் புது தில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் மதன் லால் 13.78 மீட்டர் எறிந்து தங்கம் வென்றதிலிருந்து இந்நிகழ்வில் இந்தியாவின் வரலாறு தொடங்குகிறது. அடுத்தடுத்த இரு போட்டிகளில் தங்கம் வென்ற இந்தியர்கள் தூருக்கு முன்னர் மூவர் உள்ளனர். பர்துமன் சிங் 1954 (மணிலா), 1958 (டோக்கியோ) ஆகிய ஆண்டுகளிலும், ஜோகிந்தர் சிங் 1966, 1970 ஆகிய ஆண்டுகளில் பாங்காக்கிலும், பகதூர் சிங் சௌகான் 1978 (பாங்காக்), 1982 (புது தில்லி) ஆகிய ஆண்டுகளிலும் இதனைச் சாதித்தனர்.

2002 இல் பூசானில் தங்கம் வென்றவரின் பெயரும் பகதூர் சிங் என்பதால் நூல்களில் குழப்பம் நேர்வதுண்டு. இவர் பகதூர் சிங் சாகூ, வேறொருவர். மூத்தவரான சௌகான், ஓய்வுக்குப் பின் 2020 வரை நீண்ட காலம் இந்தியத் தடகள அணியின் தலைமைப் பயிற்சியாளராகப் பணியாற்றினார்.

இவர்களுள் பர்துமன் சிங்கின் பிற்கால வாழ்க்கை துயரமானது. மணிலாவில் வட்டெறிதலிலும் தங்கம் வென்ற இவர், 1980களில் நேர்ந்த சாலை விபத்தில் நடமாடும் ஆற்றலை இழந்தார். வறுமையில் வாழ்ந்து 2007 இல் காலமானார்.

பின்னர்

ஹாங்சோ போட்டிகளில் தடகளத்தில் இந்தியா ஆறு தங்கப் பதக்கங்களைப் பெற்றது. தூர் 2024 பாரிசு ஒலிம்பிக்கில் பங்கேற்று, தகுதிச் சுற்றில் 18.05 மீட்டர் மட்டுமே எறிந்து வெளியேறினார். முன்னதாகத் தோக்கியோ ஒலிம்பிக்கிலும் 19.99 மீட்டர் எறிந்து, இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறாமல் திரும்பியிருந்தார்.