ஞாயிற்றைக் கண்காணித்த நூற்றாண்டு

கிரகணம் வரும் நாளில் நாம் பாடம் நடத்தும் வகுப்பில் பாதி இருக்கைகள் காலி. கதவைச் சாத்து, அடுப்பை அணை, கருவுற்ற பெண்ணை வெளியே விடாதே! பாம்பு ஞாயிற்றை விழுங்குகிறதாம்! விழுங்கப்பட்டதாகச் சொன்ன அந்த ஞாயிறு, அதே நேரத்தில் தன் உண்மையை மனிதனுக்குத் திறந்து காட்டிய வரலாற்றை நாம் அறிய வேண்டாமா?

1868 ஆகஸ்டு 18. அந்நாளைய சென்னை மாகாணத்துக் குண்டூரில், பிரெஞ்சு அறிஞர் ழான்சேன் நிறமாலைக் கருவியோடு காத்திருந்தார். முழுமறைப்பு வந்தது. நிலவின் கரிய வட்டத்தைச் சுற்றிச் செந்நிறச் சுடர்க்கொழுந்துகள் எழுந்து நின்றன. அவை ஒளிரும் ஹைட்ரஜன் வளி என்று கருவி காட்டிற்று. மறுநாள் காலை, மறைப்பு ஏதுமின்றியே அவற்றை அவர் மீண்டும் கண்டார்! அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் லாக்கியரும் தனியே அவ்வழியைக் கண்டார். சில நிமிடக் காட்சி, நாள்தோறும் காணும் காட்சியாயிற்று.

நாள்தோறும் பார்ப்பதன் பயன் என்ன? ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரத்து மருந்து வணிகர் சுவாபேயைக் கேளுங்கள்! 1826 முதல் ஞாயிற்றின் கரும்புள்ளிகளை எண்ணியவர், அவை ஒழுங்காகப் பெருகிக் குறைவதை 1843-இல் அறிவித்தார். அச்சுழற்சி ஏறத்தாழ 11 ஆண்டு என்று பின்னர் வரையறுக்கப்பட்டது.

1876-இல் தொடங்கிய பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிற்று. கரும்புள்ளிக்கும் பஞ்சத்துக்கும் தொடர்புண்டு என்று லாக்கியர் 1877-இல் எழுதினார். மழை பொய்த்தது மெய்தான். மக்கள் மடிந்தபோது நாட்டின் தானியம் கப்பலேறியதே, அதற்கும் ஞாயிறா பொறுப்பு? ஆயினும் அந்த வினா ஒரு நன்மை செய்தது. ஞாயிற்றை ஆராய, 1899-இல் கோடைக்கானலில் வானாய்வுக் கூடம் அமைந்தது. 1904 முதல் கண்ணாடித் தகடுகளில் ஞாயிற்றின் படங்கள் சேர்ந்தன. கரும்புள்ளியில் வளி வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909-இல் அங்கே கண்டறிந்தார். அவர் துணைவியார் மேரி எவர்ஷெட், புள்ளிகளோடு எழும் கொழுந்துகளை ஆராய்ந்து 1913-இல் கட்டுரை வெளியிட்டார். நம் வீடுகளில் கிரகணத்துக்கு அஞ்சிப் பெண்ணை அறைக்குள் அடைத்தோம். அங்கே ஒரு பெண் ஞாயிற்றையே அளந்தார்!

அத்தகடுகள் சொன்னதென்ன? கொழுந்துகளும் கரும்புள்ளிகளைப் போல் ஏறி இறங்குகின்றன. சுழற்சி உச்சத்தை நெருங்கும்போது, கொழுந்துகளின் ஒரு வரிசை துருவங்களை நோக்கி நகர்ந்து மறைகிறது. அதையொட்டி ஞாயிற்றின் காந்தத் துருவங்கள் இடம் மாறுகின்றன. கொழுந்துகளைத் தாங்கி நிற்பதும் அந்தக் காந்தப் புலமே. கொழுந்து வெடித்துச் சிதறினால் புவியில் காந்தப்புயலும் எழக்கூடும். 1989 மார்ச்சில் ஒரு காந்தப்புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்தை இருளில் ஆழ்த்திற்று.

பஞ்சத்தை முன்னறிவிக்கும் வழி கிடைத்ததா? இல்லை! கரும்புள்ளியைக் கொண்டு மழையைக் கணிக்க நம்பத்தக்க முறை எதுவும் உருவாகவில்லை. அறிவியல் அதை ஒளிக்கவில்லை. எதிர்பார்த்தது பொய்த்த பின்பும் கோடைக்கானலில் படமெடுப்பு நிற்கவில்லை. பாம்புக் கதையோ, ஒருநாளும் சோதனைக்கு வந்து நின்றதில்லை.

அடுத்த கிரகணத்தன்று நம் மாணவர்களைப் பாதுகாப்புக் கண்ணாடியோடு வெளியே அழைத்துச் செல்வோம். அவர்களே பார்க்கட்டும், பார்த்ததை எழுதட்டும். குண்டூரில் ழான்சேன் செய்தது அதுதானே!