காசில் நின்ற வெற்றித் திருமகள்

வேங்கடகிருஷ்ணனும் வேதவல்லித் தாயாரும் அருள்பாலிக்கும் திருவல்லிக்கேணியின் பெருமையைப் பெரியோர் பலர் இம்மலரில் எழுதுவர். அடியேனை மலர்க் குழுவினர் பணித்தது பழங்காசுகளைப் பற்றி.

யவனர் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதை அகநானூற்று 149ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியதும், இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்சு நாணயங்களை விழுங்குகிறதென்று ரோமானிய அறிஞர் பிளினி அங்கலாய்த்ததும் மேடைதோறும் கேட்டவைதாம். பொன்னையே பேசிப் பழகிய நாம் வெண்கலச் சில்லறையை மறந்தோம். கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் சிறுகாசுகளைத் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் தனிநூலாகவே தந்தார். இலங்கையில் இவை ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. பெரும்பாலானவை தேய்ந்தவை, கைமாறிக் கைமாறி நம் கடைத்தெருவில் புழங்கியவை என்பதே அடியேன் துணிபு.

அவற்றுள் ஒன்று: விரல் நகத்தளவு, எடை ஏறக்குறைய 1 கிராம். முன்புறம் முத்துப்பட்டம் கட்டிய அரசன் முகம். பின்புறம் ரோமானியரின் வெற்றித் தெய்வமான சிறகுடைய விக்டோரியா தேவி, தோளில் வெற்றிச் சின்னம் சாத்தி, கைதி ஒருவனை இழுத்துச் செல்கிறாள். அவள் எதிரே சிறியதாய்க் கிறித்துவின் பெயர்க்குறி! சுற்றிலும் நாட்டு நலம் குறிக்கும் இலத்தீன் வாசகம். ரோமானியப் பேரரசன் தியோடோசியுஸ் (379–395) காலத்தது. இதில் வியப்பு என்னவென்றால், ரோம் ஆட்சிமன்றத்திலிருந்த அத்தேவியின் பலிபீடத்தை 382லேயே கிறித்தவப் பேரரசன் கிராத்தியன் அகற்றிவிட்டான். பீடம் போயிற்று, காசிலிருந்து அவளை எவராலும் இறக்க முடியவில்லை. சமயம் மாறினும் வெற்றிக்கும் வளத்துக்கும் ஒரு தாயை முன்னிறுத்தாமல் அரசுகள் நிற்பதில்லை.

நம் தாயாரும் உலோகத்தில் எழுந்தருளியவளே. இலங்கையில் கிடைக்கும் நீள்சதுரத் தகடுகளில் தாமரைமேல் நின்ற திருக்கோலம், இருபுறமும் யானைகள் திருமஞ்சனம் செய்கின்றன, மறுபுறம் சுவஸ்திகம். சில்லறைக் காசிலும் திருமகளைச் சேவித்தவர் நம் முன்னோர்!

இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். எழும்பூர் அருங்காட்சியகம் கூப்பிடு தூரம்தான், போய்ப் பாருங்கள். வீட்டுப் பரணில் பழங்காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சைக் களிம்போடு எழுத்தும் போய்விடும். மண்ணில் புதையலாகக் கிடைத்தால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டுமென்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள்.