குவிமாடத்திற்குள் ஒரு வானம்

விடிவெள்ளியைக் கண்டு புறப்பட்டு வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடுகளை ஓட்டி வந்த காலத்தைக் குந்தாரப்பள்ளிப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். இப்போதோ கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை நெடுஞ்சாலை விளக்குகளும் ஆலை விளக்குகளும் விண்மீன்களை மங்கச் செய்துவிட்டன. ஆகவே நம் பங்கின் மறைக்கல்விச் சிறாரைப் பெங்களூரு ஜவஹர்லால் நேரு கோளரங்கத்திற்கு அழைத்துச் சென்றோம். இழந்த வானத்தைக் காண மாநகருக்கே செல்ல நேர்ந்தது விந்தைதான்.

1989இல் மாநகராட்சி நிறுவிய அரங்கம் அது. 15 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தில் ஒளி அடங்கியதும் விண்மீன்கள் பூத்தன. கிரகணம் நிழலின் விளையாட்டே என்பதும் விளக்கப்பட்டது. திரும்பும் வழியில் ஒரு சிறுமி கேட்டாள்: "வெறும் நிழல்தான் என்றால், அன்றைக்கு எங்களை ஏன் வீட்டுக்குள் அடைக்கிறார்கள், சாமி?"

அக்கேள்வி நம்மைத் தைத்தது. 1999 ஆகஸ்டு 11 மாலையில் கதிரவன் கிரகணம் தோன்றியது. குருப்பட்டம் பெற்ற புதிதில் பணியாற்றிய ஊரில், மக்கள் வெளியே வர அஞ்சுவார்கள் என்றெண்ணி, அன்றைய மாலைத் திருப்பலியைக் காலைக்கு மாற்றினோம். காரணம் கூறவில்லை, அச்சத்தைக் களையவும் முயலவில்லை. நமது மௌனமே அந்த அச்சத்திற்கு ஆசி அளித்ததுபோல் ஆயிற்று.

கோளரங்கத்தின் வரலாற்றிலும் இத்தகைய அச்சமொன்று உண்டு. 1774 மே 8 அன்று நிலவும் சில கோள்களும் வானில் நெருங்கி நிற்கவிருந்தன. அதனால் உலகமே அழியலாம் என நெதர்லாந்து நாட்டில் மறைப்போதகர் ஒருவர் எழுத, மக்கள் கலங்கினர். ஃப்ரானேக்கர் ஊரில் கம்பளி மயிர் சீவும் தொழில் செய்த ஐசே ஐசிங்கா அப்போதகருடன் வாதிட்டுக்கொண்டிருக்கவில்லை. தம் வீட்டுக் கூடத்தின் மேற்கூரையிலேயே கோள்கள் கதிரவனைச் சுற்றிவரும் பொறியை அமைத்தார். மரச் சக்கரங்களில் ஆணிகளைப் பற்களாக அடித்து, ஊசல் கடிகாரத்தால் அவற்றை இயக்கினார். 1781இல் நிறைவுற்ற அப்பொறி இன்றும் இயங்குகிறது. 2023இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

அடுத்த பெரும் மாற்றம் ஜெர்மனியில் நிகழ்ந்தது. மியூனிக் அருங்காட்சியகத்தின் வேண்டுகோளை ஏற்று, ஜெனா நகரின் சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த வால்தர் பௌவர்ஸ்ஃபெல்டு புதுவழி கண்டார். குவிமாடம் அசையாதிருக்க, நடுவிலுள்ள கருவியே விண்மீன்களை ஒளிப்புள்ளிகளாக அதன்மேல் வீழ்த்தும். 1923 அக்டோபரில் மியூனிக்கில் அது முதன்முறையாகக் காட்டப்பட்டது. தூண் ஒன்று நின்றாலும் வானத்தின் ஒரு பகுதி மறைந்துவிடும் அல்லவா? எனவே இரும்புக் கம்பிகளை வலையாகப் பின்னி, மெல்லிய காங்கிரீட் பூசித் தூணில்லாத 16 மீட்டர் அரைக்கோளத்தைச் சோதனைக்காக ஜெனாவில் எழுப்பினர். கட்டடக் கலைக்கே அது புதுப்பாதை திறந்தது.

நம் நாட்டில் 1963இல் பிரதமர் நேரு தொடங்கி வைத்த கொல்கத்தா பிர்லா கோளரங்கம், சாஞ்சித் தூபியின் சாயலில் அமைந்தது. சென்னைக் கோட்டூர்புரத்தில் 1988இலும், மறு ஆண்டு பெங்களூரிலும் கோளரங்கங்கள் எழுந்தன. தூபியோ, தேவாலயமோ, கோளரங்கமோ, குவிமாடத்தின் கீழ் நிற்பவன் தன் சிறுமையை உணர்ந்து தலை நிமிர்த்துகிறான்.

அந்தப் போதகரின் செயலை எண்ணி நாணும்போது, புதுச்சேரி ஆறுதல் தருகிறது. 1689 டிசம்பரில் அங்கு வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியால் ஆராய்ந்துகொண்டிருந்த இயேசு சபைத் துறவி ழான் ரிஷோ, ஆல்ஃபா செண்டாரி ஒற்றை மீனன்று, இரட்டை மீன் எனக் கண்டார். விண்ணைக் காட்டி அச்சுறுத்திய ஊழியரும் உண்டு; விண்ணை உற்று நோக்கி உண்மை கண்ட துறவியரும் உண்டு. இவருள் நாம் யார் பக்கம்?

பிள்ளைகளை வீட்டுக்குள் வைப்பது பாட்டிமாரின் அன்பே. வெறும் கண்ணால் கதிரவனை நோக்குவது கேடு என்பதும் மெய்யே. ஆனால் அன்பு அறிவோடு சேரும்போதுதான் அச்சம் அகலும். 2027 ஆகஸ்டு 2 மாலையில் மீண்டும் ஒரு கதிரவன் கிரகணம் நம் பகுதியில் ஓரளவு தென்படும். அன்று திருப்பலி நேரம் மாறாது. உரிய கண்ணாடிகளுடன் சிறாரை ஆலய முற்றத்தில் நிறுத்தி, அச்சிறுமியின் கேள்விக்கு அவர்களுடைய பாட்டிமார் முன்னிலையில் விடை கூறுவோம். முன்பு கூறத் தவறிய மறையுரை அதுவே.