ஊர்ப்பேச்சு நாட்டின் மொழியான கதை

தில்லித் தடங்கள் – 23

1318ஆம் ஆண்டு. குத்புதீன் முபாரக் ஷா கில்ஜி தில்லியை ஆண்டுகொண்டிருந்தார். அவருக்காக அமீர் குஸ்ரோ பாரசீகத்தில் ஒரு காவியம் பாடினார். அதன் பெயர் 'நூஹ் சிபிஹ்ர்'. அதில் ஓரிடத்தில் இந்த நாட்டு மொழிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார் குஸ்ரோ. சிந்தி, லாகூர் மொழி, காஷ்மீரி, தெலுங்கு, வங்கம் என்று நீளும் அந்தப் பட்டியலில் 'மஅபரி'யும் உண்டு. அரபு வணிகர்கள் மாபார் என்று அழைத்த நம் கடற்கரையின் மொழி, அதாவது தமிழ். பட்டியலின் முடிவில் தில்லியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பேசப்படும் மொழியைச் சேர்க்கிறார்.

அந்தச் சுற்றுவட்டாரப் பேச்சு இன்று இரண்டு நாடுகளின் அரசு ஏடுகளில் அமர்ந்திருக்கிறது. இந்தியாவில் அது இந்தி, பாகிஸ்தானில் உருது. சென்ற வாரம் ஷாஜஹானாபாத்தின் மதில்களையும் வாசல்களையும் பார்த்தோம். இந்த வாரம் அந்த மதிலுக்கு உள்ளும் வெளியும் ஒலித்த பேச்சின் கதை.

தலைநகரத்தின் பேச்சு

தில்லிக்கு வடக்கிலும் கிழக்கிலும் மீரட், பாக்பத், முசாபர்நகர், சஹாரன்பூர், பிஜ்னோர் என்று விரியும் கரும்புக் காட்டுப் பகுதிதான் இந்தப் பேச்சின் தாய்மண். கடீபோலி என்பது இதற்கு வழங்கும் பெயர். பழைய குரு நாட்டை நினைத்து, 'கௌரவி' என்று பெயரிட்டார் ராகுல் சாங்கிருத்யாயன். தெற்கே மதுரா, ஆக்ராவுக்குப் போனால் பிரஜ் மொழி. கிழக்கே அயோத்திப் பக்கம் அவதி. 'என்னுடையது' என்பதற்குத் தில்லிப் பக்கத்தில் 'மேரா', பிரஜ் நாட்டில் 'மேரோ', அவத் நாட்டில் 'மோர்'. அடுத்தடுத்த ஊர்க்காரர்களுக்குப் புரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கணம், தனி இலக்கியம்.

இலக்கியப் பெருமையை அளவுகோலாக வைத்திருந்தால் தில்லிப் பேச்சு போட்டிக்கே வந்திருக்காது. பிரஜ் மொழிக்குச் சூர்தாசர் இருந்தார். அவதியில் ஜாயசி 1540இல் 'பத்மாவத்' இயற்றினார். துளசிதாசர் 1574இல் ராமசரித மானசத்தைத் தொடங்கினார். தில்லிப் பேச்சுக்கு அப்படிப்பட்ட காவியம் ஒன்றும் இல்லை. அதற்கு இருந்தது ஒரு தலைநகரம். படையில் சேர வந்தவரும், கடைபோட வந்தவரும், தர்காவுக்கு வந்தவரும் அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டே ஊர் திரும்பினார்கள்.

தெற்கே போய் வந்த மொழி

தில்லி அரண்மனையில் எழுத்து வேலை எல்லாம் பாரசீகத்தில்தான் நடந்தது. ஊர்ப்பேச்சுக்கு முதல் மரியாதை கிடைத்தது தக்காணத்தில். 1327இல் முகமது பின் துக்ளக் தலைநகரை தௌலதாபாத்துக்கு மாற்றியபோது சிப்பாய்களும் சூஃபி துறவிகளும் கணக்கர்களும் தில்லிப் பேச்சையும் கூடவே கொண்டுபோனார்கள். சுல்தான் வடக்கே திரும்பினார். அந்தப் பேச்சு தெற்கிலேயே தங்கி தக்கினி ஆனது. பீஜப்பூரிலும் கோல்கொண்டாவிலும் அரசவைக் கவிதை அதில் பிறந்தது. 1591இல் ஹைதராபாத் நகரை நிறுவிய முகமது குலி குத்ப் ஷாவே தக்கினியில் கவிதைத் தொகுப்பு தந்த கவிஞர். நம் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் திருவல்லிக்கேணியிலும் இன்று பல வீடுகளில் பேசப்படும் உருது அந்தக் கிளையைச் சேர்ந்ததுதான்.

1700இல் தக்கினிக் கவிஞர் வலி தில்லிக்கு வந்தார். 1720ஐ ஒட்டி அவருடைய கவிதைத் தொகுப்பும் வந்து சேர்ந்தது. தெருவில் காய்கறி வாங்கப் பயன்பட்ட பேச்சில் கஜல் பாட முடியும் என்பதை அப்போதுதான் தில்லிக் கவிஞர்கள் கண்டார்கள். பாரசீகத்தைவிட்டு ஒவ்வொருவராக ஊர்மொழிக்கு வந்தார்கள்.

ஜாமா மசூதியின் படிகள்

அவர்களில் தலைசிறந்தவர் மீர் தகி மீர். ஆக்ராவில் பிறந்து தில்லியில் வளர்ந்த கவிஞர். நாதிர் ஷா 1739இல் நடத்திய படுகொலையும், அடுத்து வந்த ஆப்கானியர் படையெடுப்புகளும் தில்லியைச் சின்னாபின்னமாக்கிய பிறகு, 1782இல் அவர் லக்னோவுக்குப் பிழைக்கப் போனார். அங்கே நடந்ததாக முகமது ஹுசேன் ஆசாத் 1880இல் வந்த தம் 'ஆப்-எ-ஹயாத்' நூலில் ஒரு செய்தி சொல்கிறார். லக்னோ கனவான்கள் சிலர் மீரைத் தேடி வந்து கவிதை கேட்டார்கள். உங்களுக்குப் புரியாது என்று மறுத்துவிட்டார் மீர். பாரசீக மகாகவிகளின் பாட்டே புரிகிறதே என்று அவர்கள் விடாமல் கேட்க, அவற்றுக்கு உரையும் அகராதியும் இருக்கின்றன, என் பாட்டுக்குச் சான்று தில்லி ஜாமா மசூதிப் படிகளில் பேசும் பேச்சுதான், அது உங்களுக்கு எங்கே தெரியும் என்றாராம்.

அந்தப் படிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் புறா விற்பவர்கள், கபாப் சுடுபவர்கள், கதை சொல்லிகள். அவர்களுடைய வாய்ச்சொல்லை மொழியின் நீதிமன்றமாக நிறுத்தினார் ஒரு மாபெரும் கவிஞர். ஆனால் அதே காலத்திலேயே வேறொரு குரலும் எழுந்தது. இன்ஷா அல்லா கான் 1808இல் எழுதிய 'தர்யா-எ-லதாஃபத்' என்ற இலக்கண நூல், தில்லிக்குள்ளேயே எந்த மொகல்லாவின் பேச்சு சுத்தம், எது சுத்தமில்லை என்று பிரித்துப் பார்த்தது. ஒரு வழக்கு தரம் பெறும்போது அடுத்த தெரு தரம் இழக்கிறது. இந்தக் கதை முழுக்க அதுவே திரும்பத் திரும்ப நடக்கும்.

கல்கத்தாவில் அச்சேறியது

தில்லி சிதைந்ததால்தான் தில்லிப் பேச்சு பரவியது. பிழைப்புத் தேடிப் போனவர்கள் லக்னோவுக்கும் பாட்னாவுக்கும் கல்கத்தாவுக்கும் அதைச் சுமந்து சென்றார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் மீர் அம்மன். 1800இல் வெல்லஸ்லி பிரபு கல்கத்தாவில் தொடங்கிய வில்லியம் கோட்டைக் கல்லூரியில் அவருக்கு வேலை கிடைத்தது. கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்கு நாட்டு மொழி கற்பிக்கும் கல்லூரி அது. ஜான் கில்கிறிஸ்ட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இந்துஸ்தானித் துறைத் தலைவர். மீர் அம்மன் எழுதிய 'பாக்-ஓ-பஹார்' பல தலைமுறை ஆங்கிலேய அதிகாரிகளுக்குத் தேர்வுப் பாடநூலாக இருந்தது.

அதே கல்லூரியில் லல்லு லால் 'பிரேம் சாகர்' எழுதினார்; சதல் மிஸ்ரா 'நாசிகேதோபாக்யான்' எழுதினார். 1803இல் தொடங்கிய இந்த நூல்களில்தான் 'கடீபோலி' என்ற பெயரே எழுத்தில் காணக்கிடைக்கிறது. மீர் அம்மனின் நூல் பாரசீக எழுத்தில், பாரசீகச் சொற்களோடு. லல்லு லாலின் நூல் நாகரி எழுத்தில், அந்தச் சொற்களை விலக்கி. வினைமுற்றும் வேற்றுமை உருபும் இரண்டிலும் ஒன்றே. ஒரே ஊர்ப்பேச்சு ஒரே கட்டடத்திற்குள் இரண்டு எழுத்தில் அச்சேறியது. பின்னாளில் அந்தப் பிளவு மத அரசியலாக வளர்ந்து, பலரைப் பலிகொண்டது.

1837இல் பாரசீகம் நீதிமன்ற மொழி என்ற இடத்தை இழந்தது. வட மாகாணங்களில் அந்த நாற்காலியில் உருது உட்கார்ந்தது. நாகரிக்கும் இடம் வேண்டும் என்று பல்லாண்டு நடந்த போராட்டத்தின் பயனாக, 1900 ஏப்ரலில் துணைநிலை ஆளுநர் மெக்டானல் இரண்டு எழுத்துகளையும் அனுமதித்தார்.

கட்டியவர்கள் யார்?

தமிழ்நாட்டில் இந்தி பற்றிப் பேசும்போது, வடக்கே எல்லோருக்கும் அது தாய்மொழி என்று எண்ணிக்கொண்டே பேசுகிறோம். இன்றைய இந்தியைக் கட்டியவர்களின் பட்டியலைப் பாருங்கள். லல்லு லால் ஆக்ராக்காரர். அது பிரஜ் நாடு. சதல் மிஸ்ரா பீகாரின் ஆரா ஊர்க்காரர், அங்கே போஜ்புரி. நவீன இந்தியின் தந்தை எனப்படும் பாரதேந்து ஹரிச்சந்திரர் காசிக்காரர். பிரேம்சந்த் காசிக்குப் பக்கத்து லம்ஹி கிராமத்தவர். மகாவீர் பிரசாத் திவிவேதி ரேபரேலி மாவட்டத்தவர். அது அவதி மண். மைதிலி சரண் குப்தர் ஜான்சிக்கு அருகிலுள்ள சிர்காவ் ஊர்க்காரர், அங்கே புந்தேலி. இவர்களில் ஒருவருடைய ஊரிலும் தெருப்பேச்சு கடீபோலி இல்லை.

அவர்கள் தங்கள் ஊர்மொழியைத் துறந்தது எளிதாக நடக்கவில்லை. பாரதேந்து உரைநடையைக் கடீபோலியில் எழுதினார். கவிதை எழுதிப் பார்த்து மனம் ஒப்பாமல் பிரஜ் மொழிக்கே திரும்பினார். 1887இல் முசாபர்பூரைச் சேர்ந்த அயோத்தியா பிரசாத் கத்ரி, கடீபோலியில் எழுதிய கவிதைகளைத் திரட்டிப் புத்தகமாக வெளியிட்டார். பத்திரிகைகளில் சண்டை மூண்டது. உரைநடைக்கு ஒரு மொழி, கவிதைக்கு இன்னொரு மொழி என்பது கூடாது என்றார் ஸ்ரீதர் பாடக். இந்தக் கரடுமுரடான பேச்சில் கவிதை வராது என்றார் பிரதாப் நாராயண் மிஸ்ரா.

முடிவு செய்தது ஒரு மாத இதழ். 1903 முதல் 1920 வரை அலகாபாத்தின் 'சரஸ்வதி'க்கு ஆசிரியராக இருந்தார் திவிவேதி. வந்த கையெழுத்துப் படிகளில் வரிக்கு வரி பேனாவை ஓட்டினார். பால் மயக்கம், வேற்றுமை உருபு, எழுத்துக்கூட்டு எல்லாவற்றையும் திருத்தி ஒரே சீராக்கினார். அந்தப் படிகளை இன்றும் காசி நாகரி பிரசாரிணி சபையில் காக்கிறார்கள். 'நான் ரொட்டி சாப்பிட்டேன்' என்று இறந்தகாலத்தில் சொல்லும்போது எழுவாயோடு சேர வேண்டிய 'நே' உருபு அவதியிலும் போஜ்புரியிலும் கிடையாது. இந்தி பிராத்மிக் தேர்வுக்குப் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளை தடுமாறும் அதே இடத்தில், போஜ்புரி பேசும் பலியா மாவட்டத்துப் பிள்ளையும் தடுமாறுகிறான். அவனை ஆசிரியர் திருத்தும்போது தப்பு என்று சொல்லப்படுவது அவன் அம்மாவின் பேச்சு.

கடல் நடுவே ஒரு தீவு

ஒரு வட்டார வழக்கை எல்லோருக்குமான மொழியாக்கும் இந்த வேலை உலகெங்கும் நடந்திருக்கிறது. மடகாஸ்கர் தீவில் பேசும் மலகாசி மொழிக்குப் பல வட்டார வழக்குகள் உண்டு. நடு மலைநாட்டில் அண்டனானரிவோவைச் சுற்றி வாழும் மெரினா மக்களின் அரசன் முதலாம் ராடாமா, 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தீவின் பெரும்பகுதியைத் தன் ஆட்சியில் கொண்டுவந்தான். லண்டன் மிஷனரிகளின் துணையோடு 1823இல் லத்தீன் எழுத்தை ஏற்றான். 1835இல் மெரினா வழக்கில் முழு பைபிள் அச்சாகிவிட்டது. அரசு, எழுத்து, அச்சு மூன்றும் ஒரே வழக்கின் கைக்கு வந்ததும் அதுவே பொது மலகாசி ஆயிற்று. 1972இல் பிரெஞ்சை நீக்கி மலகாசியைப் பாடமொழியாக்க முனைந்தபோது, கடலோர மக்கள் இதை மெரினா ஆதிக்கமாகவே பார்த்தார்கள்.

மெரினா வழக்கைப் பொதுமொழியாக்கியது அதைப் பேசிய அரசே. இந்தியை உழைத்து வளர்த்தவர்களோ அதைப் பள்ளியிலும் புத்தகத்திலும் கற்றவர்கள். அதனால் அவர்களுடைய இழப்பு வெளியே தெரியவில்லை.

சட்டம் ஏறியதும் ஊர் மாறியதும்

1949 செப்டம்பர் 14 அன்று தில்லியில் அரசியல் நிர்ணய சபை, நாகரி எழுத்திலான இந்தியை ஒன்றிய அரசின் அலுவல் மொழியாக ஏற்றது. உடன்பாட்டை வகுத்தவர்கள் குஜராத்தியான கே.எம். முன்ஷியும் தஞ்சை மாவட்டத்துக்காரரான என். கோபாலசாமி ஐயங்காரும். தேசிய மொழி என்று எதையும் அரசமைப்பு சொல்லவில்லை. எட்டாவது அட்டவணையின் முதல் 14 மொழிகளில் இந்தியும் உருதும் தனித்தனியே இடம்பெற்றன. சூர்தாசரின் பிரஜுக்கும் துளசிதாசரின் அவதிக்கும் அதில் இடமில்லை. பாகிஸ்தானில் உருதுவை ஒரே அரசு மொழியாக்க முனைந்ததன் விளைவு, 1952 பிப்ரவரி 21இல் டாக்காவில் மாணவர்களின் ரத்தம்.

சட்டத்தில் ஏறிய அதே ஆண்டுகளில் தில்லிப் பேச்சு தன் ஊரையே இழந்தது. 1947 பிரிவினையில் சுமார் 3.3 லட்சம் முஸ்லிம்கள் தில்லியைவிட்டுப் போனார்கள். பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, ஏறத்தாழ 5 லட்சம் அகதிகள் வந்தார்கள். 1941இல் 9.2 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1951இல் 17.4 லட்சம். தெருக்களில் பஞ்சாபி கலந்த புதிய இந்தி பிறந்தது. பழைய நகரத்தில் கைவினைஞர்கள் மட்டும் 'கர்கந்தாரி' என்ற தங்கள் வழக்கைக் காத்துவந்தார்கள். பேராசிரியர் கோபி சந்த் நாரங் 1961இல் அதை ஆராய்ந்து நூலாக்கினார்.

கிராமங்களின் நிலை இன்னும் வருத்தம் தருவது. மீரட் பக்கத்து உழவர் தண்ணீரைப் 'பாணி' என்பார், பாடநூலில் 'பானி'. கறுப்பு அவருக்குக் 'காளா', பாடநூலில் 'காலா'. ணகரமும் ளகரமும் அழுத்தமாக ஒலிக்கும் அந்தப் பேச்சைப் பட்டிக்காட்டுத்தனம் என்று நகரம் ஒதுக்கியது. 2011 கணக்கெடுப்பில் இந்தி பேசுவோர் 52.8 கோடி. 5 கோடி போஜ்புரிக்காரர்களும் அதற்குள்தான் அடக்கம். தம் தாய்மொழி கடீபோலி என்று பதிந்தவர்களோ சுமார் 50,000 பேர்.

ஒரு நாட்டுக்குப் பொதுவான எழுத்து மொழி தேவைப்படலாம். ஆனால் எந்த வழக்கும் தன் உயர்வால் மட்டும் அந்த இடத்தைப் பிடிப்பதில்லை. தலைநகரம், படை, அச்சகம், தேர்வு, சட்டம் எல்லாம் சேர்ந்துதான் அதை ஏற்றி வைக்கின்றன. இதைப் பள்ளிப் பாடத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சொன்னால், பலியாவிலோ மீரட்டிலோ ஒரு பிள்ளை வீட்டுப்பேச்சோடு வகுப்புக்கு வரும்போது, அதற்காக அவன் தலைகுனிய வேண்டியிருக்காது. இந்தித் திணிப்பை எதிர்த்து நின்ற தமிழர்களாகிய நாம், வடக்கே ஓசையில்லாமல் ஒதுக்கப்பட்ட மொழிகளுக்காகவும் குரல் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

அடுத்த வாரம்: 1857இல் தில்லியைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் எங்கே போனார்கள்?

(தொடரும்)