கம்பியில்லா ஸ்டீரியோ ஹெட்போன்: கைபேசிக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்தல்

கைபேசியின் ஒலியை ரேடியோ அலை வழியே வாங்கி, இரண்டு காதுக்கும் தனித்தனியாகக் கொடுக்கும் கருவி கம்பியில்லா ஸ்டீரியோ ஹெட்போன். தலையில் மாட்டுவது, கழுத்தில் தொங்கும் நெக்பேண்ட், காதுத் துளையில் செருகும் இயர்பட்ஸ் என உருவம் எதுவானாலும், கைபேசியோடு இணைப்பது பெரும்பாலும் புளூடூத்தான். 1990களில் ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் உருவான இந்த நுட்பத்துக்கு, 10ஆம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஹரால்டின் பட்டப்பெயரைச் சூட்டினார்கள். 2016இல் ஐபோன் 7இலிருந்து ஹெட்போன் கம்பியைச் செருகும் 3.5 மி.மீ. துளையை ஆப்பிள் எடுத்தது. பல நிறுவனங்கள் அதே வழியில் போயின. அதுவரை வசதியாக இருந்த கம்பியில்லா ஹெட்போன் பலருக்குத் தேவையாகிவிட்டது.

வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களை: ஒலி எழுப்பும் டிரைவர் இத்தனை மி.மீ., புளூடூத் இன்ன பதிப்பு, இன்ன கோடெக். இவை பொய்யல்ல. ஆனால் ஹெட்போன் தனித்து இயங்கும் பொருள் அல்ல. ஒரு பக்கம் கைபேசி, மறுபக்கம் காது, இரண்டுக்கும் நடுவில் அது. மூன்றில் எது பலவீனமோ அதன் தரம்தான் கடைசியில் காதில் விழும். கோடெக்கையே எடுத்துக்கொள்வோம். சி.டி.யில் உள்ள இசைக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் தேவை. புளூடூத் வழியே அவ்வளவையும் அனுப்புவது கடினம் என்பதால் கைபேசி அதைச் சுருக்கி அனுப்புகிறது, ஹெட்போன் விரிக்கிறது. சுருக்கும் முறைதான் கோடெக். எல்லாக் கருவிகளிலும் கட்டாயம் இருக்கும் எஸ்பிசி வழக்கமாக 328 கிலோபிட் வரை போகும். சோனியின் எல்டாக் 990 வரை போகும். இரு முனையிலும் ஒரே கோடெக் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஐபோன் அனுப்புவது எஸ்பிசி, ஏஏசி என்ற இரண்டு கோடெக்குகளில் ஒன்றைத்தான். எல்டாக்குக்காகக் கூடுதல் பணம் கொடுத்த ஐபோன்காரருக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. ஆண்ட்ராய்டில் எந்தக் கோடெக் ஓடுகிறது என்பதை டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பார்க்கலாம். பெரும்பாலான கைபேசிகளில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும்.

அப்படியானால் உயர்ந்த கோடெக்கே வீண்தானா என்று கேட்கலாம். வீணல்ல. சுருக்காத இசைக் கோப்பை அமைதியான அறையில் நல்ல ஹெட்போனில் கேட்பவருக்கு வித்தியாசம் தெரியக்கூடும். ஆனால் நெரிசலான ரயில் நிலையத்தில் எல்டாக் தானாகவே 330 வரை இறங்கிவிடும். புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் பல வைஃபை கருவிகளும் இயங்குகின்றன. போதாததற்கு, உடம்பில் உள்ள நீர் அந்த அலையை உறிஞ்சிக்கொள்கிறது. கைபேசி பின் பாக்கெட்டில் இருந்தால் பாட்டு விட்டு விட்டுக் கேட்பது இதனால்தான்.

கோடெக்கைவிடப் பல மடங்கு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது காதுப் பொருத்தம். இயர்பட்ஸின் சிலிகான் முனை துளையை அடைக்காவிட்டால், சிறிய டிரைவர் எழுப்பும் காற்றழுத்தம் இடுக்கு வழியே வெளியேறிவிடும். முதலில் காணாமல் போவது கனத்த ஒலியான பேஸ். மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிந்து வலந்தலை மட்டும் கணீரென்று எஞ்சும். பலர் மோசமான ஹெட்போன் என்று திட்டுவது உண்மையில் தவறான அளவு முனையைத்தான். இரண்டு பட்ஸையும் மாட்டிக்கொண்டு இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தால் போதும்: சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்டால் அடைப்பு சரி. கடையில் காதில் வைத்துப் பார்க்க விடமாட்டார்களே என்றால், அது நியாயமான தடைதான். குறைந்தது மூன்று அளவு முனைகள் வருகின்றனவா, பொருந்தாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். துளைக்குள் எதையும் வைக்கப் பிடிக்காதவருக்குக் காதை மூடும் பெரிய ஹெட்போனே சரி. நம் ஊர் வெயிலில் காது வியர்க்கும், அவ்வளவுதான்.

இரைச்சல் நீக்கமும் இந்த அடைப்பை நம்பித்தான் இருக்கிறது. வெளிச்சத்தத்தை மைக் பிடிக்க, அதற்கு நேர் எதிரான அலையை டிரைவர் எழுப்ப, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. பேருந்து எஞ்சின், ஏ.சி. போன்ற சீரான கனத்த ஒலிகளில் இது நன்றாக எடுபடும். பக்கத்து இருக்கைப் பேச்சிலும் ஹாரனிலும் அவ்வளவு எடுபடாது. ஆனாலும் இதை ஆடம்பரம் என்று தள்ள முடியாது. பெரியவர்கள் கேட்கும் ஒலிக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. இரைச்சலைத் தாண்டிக் கேட்கவே ஒலியைக் கூட்டுகிறோம். இரைச்சல் அடங்கினால் கூட்ட வேண்டியதில்லை.

பாட்டு நன்றாக ஒலிக்கும் ஹெட்போன் பேசவும் நன்றாக இருக்கும் என்று நம்புவதற்கில்லை. வழக்கமான புளூடூத்தில் அழைப்பு வந்த நொடியில் இணைப்பு ஸ்டீரியோ இசைக்கான விதிமுறையை விட்டுப் பேச்சுக்கான விதிமுறைக்குத் தாவுகிறது, ஒலி மோனோவாகிவிடும். பழைய முறையில் 8 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதம்தான், ‘ஸ்’ஸும் ‘ஃப்’பும் ஒன்றுபோலக் கேட்கும். எம்எஸ்பிசி என்ற பேச்சுக் கோடெக் அதை 16 ஆக்குகிறது. புளூடூத்தின் புதிய முறையான எல்இ ஆடியோவின் எல்சி3 கோடெக் இன்னும் மேலே போகும், கைபேசியும் அதை ஏற்றால். ஆகவே நாள் முழுதும் அழைப்பில் இருப்பவர் பாட்டை ஓட்டிப் பார்ப்பதோடு நிற்காமல், மின்விசிறிக்கு அடியில் நின்று ஒருவரை அழைத்து, எதிர்முனையில் எப்படிக் கேட்கிறது என்று விசாரிப்பது நல்லது. கைபேசியில் விளையாடுபவருக்கு, ஒலி காதுக்கு வந்து சேர ஆகும் தாமதம் முக்கியம். வீடியோ செயலிகள் பல படத்தையும் அதே அளவு தாமதித்துச் சரிக்கட்டிவிடும். விளையாட்டில் அது முடியாது, துப்பாக்கி வெடித்த பிறகுதான் சத்தம் வரும்.

விலை உயர்ந்தது நெடுநாள் உழைக்கும் என்பதும் பாதி உண்மைதான். இயர்பட்ஸின் குட்டி லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறியதும் தேயத் தொடங்கும். பெரும்பாலானவற்றில் மாற்ற முடியாது. பெரிய பேட்டரி கொண்ட தலை ஹெட்போனும் நெக்பேண்டும் ஒரே சார்ஜில் கூடுதல் நேரம் ஓடுவதால், அதே உபயோகத்துக்குக் குறைந்த முறையே சார்ஜ் ஏறுகின்றன. இயர்பட்ஸில் ஒரு பக்கத்தை மட்டும் மாட்டி அழைப்புப் பேசும் பழக்கம் இருந்தால், அந்தப் பக்கம் முதலில் தேயும். அதன் பிறகு பாதிப் பாட்டில் ஒரு காது அடங்கிவிடும்.