எலும்பு ஏற்றுக்கொண்ட உலோகம்

உடலுக்குள் உலோகத்தை வைப்பது ஏறக்குறைய உப்புநீரில் இரும்பை ஊறப்போடுவதுதான். முறிந்த எலும்பை இணைக்க 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயன்பட்ட எஃகுத் தகடுகள் உள்ளேயே அரித்துப்போயின. 1930களில் வெனபிள், ஸ்டக் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர்கள், வெவ்வேறு உலோகங்கள் உடல் திரவத்தில் மின்கலம்போல் இயங்கி எலும்பைச் சிதைப்பதைக் காட்டினர். அவர்கள் பரிந்துரைத்த கோபால்ட்-குரோமியக் கலவையான வைட்டாலியம், பல் மருத்துவத்தில் ஏற்கெனவே புழங்கிவந்தது.

அடுத்த திருப்பம் தற்செயலானது. 1952இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பிரோனேமார்க், இரத்த ஓட்டத்தைக் காண முயலின் எலும்பில் டைட்டேனியக் கருவியொன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்தபின் அதைக் கழற்ற இயலவில்லை. எலும்பு அதனோடு இணைந்து வளர்ந்திருந்தது. 1965இல் அவர் முதன்முறையாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டேனியப் பல்வேர்களைப் பொருத்தினார். எனினும், 1982 டொராண்டோ மாநாட்டுக்குப் பிறகே ஐயங்கள் பெரிதும் விலகின.

விமானத் துறைக்கென உருவான டைட்டேனியம்-அலுமினியம்-வனேடியக் கலவை பின்னர் இடுப்பு மூட்டுக்கும் வந்தது. அதன் நெகிழ்ச்சிக் குணகம் சுமார் 110 கிகாபாஸ்கல். எலும்புக்கோ 10 முதல் 30 வரைதான். சுமையை விறைப்பான உலோகமே தாங்கிக்கொள்வதால், வேலையற்ற எலும்பு மெலிகிறது. காலப்போக்கில் மூட்டு தளர்ந்து, நோயாளி மீண்டும் அறுவைக்கு உள்ளாக நேரலாம். ஆகவேதான் ஜப்பானில் நியோபியம், டாண்டலம், சிர்க்கோனியம் சேர்த்து, ஏறத்தாழ 60 கிகாபாஸ்கல் அளவிலான கலவை உருவாக்கப்பட்டது.

வலிமையைத் தேடிப் புறப்பட்ட உலோகவியல், இங்கே எலும்பிடம் வளைந்துகொடுக்கக் கற்கிறது.