எல்லைப்புறப் பள்ளியும் தொடக்க வட்டும்

பாலக்காட்டைச் சார்ந்த சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலைப் பகுதிகளிலும் தமிழ் வழியே பயிலும் மாணாக்கர் உளர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் பிறந்த கேரள மாநிலத்தின் அங்கங்களாயின இவை. எல்லைப்புறத்து மொழிச் சிறுபான்மையினருக்குப் புதிய கல்வி கடைசியாகவே வந்து சேருவது வழக்கம். கணிப்பொறிக் கல்வியில் அவ்வழக்கத்தை மாற்ற உதவிய ஒரு சிறு வட்டின் வரலாற்றை இன்று நாம் காண்போம்.

2001-இல் கேரள அரசு 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கிற்று. நாளடைவில் அத்திட்டம் விலைகொடுத்து உரிமம் பெறும் மென்பொருளை விடுத்து, 'டெபியன்' என்னும் கட்டற்ற லினக்ஸ் தொகுப்பை அடியொற்றியும், பின்னர் 'உபுண்டு'வை அடியொற்றியும் பள்ளிகளுக்கென ஒரு தொகுப்பை அமைத்துக் கொண்டது. அது குறுவட்டுகளில் பள்ளிகளைச் சென்றடைந்தது.

குறுவட்டு 1982-இல் இசைக்கெனச் சந்தைக்கு வந்தது. அதில் கோப்புகளை அடுக்கும் முறையை 1988-இல் 'ஐ.எஸ்.ஓ. 9660' என்னும் தரம் வகுத்தது. ஒரு வட்டின் முழு உள்ளடக்கத்தையும் அடுக்கு மாறாமல் ஒரே கோப்பாக்கினால் அது படிமக் கோப்பு எனப்படும். கணிப்பொறி நேரே வட்டிலிருந்து விழித்தெழும் வழியை 1995-இல் 'எல் டொரிட்டோ' என்னும் விதிமுறை வகுத்தது. வட்டின் முதல் பதினாறு பகுதிகளை விட்டு, அடுத்து வரும் விவரப் பகுதிகளிடையே தொடக்கக் குறிப்பு ஒன்று இடம்பெறும். பொறி அதைத் தேடிப் படிக்கும்.

ஆகவே, படிமக் கோப்பைச் சாதாரணக் கோப்புப் போல வட்டில் நகலெடுத்தால் பயனில்லை. பூட்டிய பெட்டியைப் பெட்டிக்குள் வைத்ததாகவே முடியும். அதன் உள்ளடக்கத்தை வட்டின் மேல் விரித்தெழுத வேண்டும். 'பின்' என்னும் வேறு வடிவில் படிமம் கிடைப்பதும் உண்டு. அதன் ஒவ்வொரு பகுதியும் 2352 பைட்டுகள் கொண்டது. செய்தி 2048 பைட்டுகளே. எஞ்சிய 304 பைட்டுகள் ஒத்திசைவுக்கும் பிழைதிருத்தத்துக்கும் உரியவை. அவற்றை நீக்குவதே வடிவ மாற்றம். எழுதுமுன் சரிபார்ப்பு எண்ணை ஒத்துப் பார்ப்பது நலம். ஒரு பைட்டு பிறழ்ந்தாலும் எண் மாறிவிடும்.

'எரித்தல்' என்னும் சொல்லும் பொருந்துவதே. ஒளிக்கற்றை, வட்டின் சாயப் படலத்தைச் சுட்டு மாற்றியே எழுதுகிறது.

இவ்வட்டில் அடங்கிய மென்பொருளைப் படியெடுத்துப் பிறருக்கு வழங்க உரிமம் இடந்தந்தது. விலைகொடுத்து வாங்கும் மென்பொருளைப் படியெடுப்பது குற்றம். இதைப் படியெடுப்பதோ முறை. தேயிலைத் தோட்டத்துப் பள்ளியிலும் ஒருவர் ஒரு வட்டைக் கொண்டு பத்து வட்டுகள் செய்யலாம். வன்தட்டைத் தொடாமலே வட்டிலிருந்து பொறியை இயக்கிப் பார்க்கலாம். கே.டி.இ., க்னோம் ஆகிய மேசைத்தளங்களைத் தமிழர் பலர் ஊதியமின்றித் தமிழாக்கி வந்தமையால், பட்டியல்களையும் கட்டளைகளையும் தாய்மொழியிலேயே காணும் வாய்ப்பும் ஏற்பட்டது. அயல்மொழி மென்பொருளின் சொற்களைத் திருத்தும் உரிமை நம்மிடம் இல்லை, இதில் உண்டு.

2017-இல் அத்திட்டம் 'கைட்' என்னும் நிறுவனமாக உருப்பெற்றது. இன்று படிமத்தைப் பெரும்பாலும் யு.எஸ்.பி. கருவியிலேயே எழுதுகின்றனர், குறுவட்டு மெல்ல மறைந்து வருகிறது. எனினும், வட்டு கொண்டுவந்த உரிமை மறையவில்லை. எல்லைப்புற மாணாக்கர் அவ்வுரிமையைக் கைக்கொண்டு, தம் மொழிச் சொற்களையும் அத்தொகுப்பில் சேர்க்க முன்வருவாராயின், கல்வி கடைசியாக வந்து சேருமிடம் என்னும் பெயர் அப்பகுதிகளை விட்டு நீங்கும்.